செத்தவீட்டுக் கராம்பு

பங்குனி மழை காலையில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. பத்து மணிக்குப் பாறை சுடும், வெறுங்காலோடு நிற்க முடியாது. வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். மத்தியானச் சோறு தின்று கை கழுவும்போது ஹுன்னஸ்கிரி மலைப் பக்கம் கறுக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு ஒரு வெற்றிலை மடிக்க நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். கண்டி டவுனில் இருக்கிறவர்கள் குடையை விரிப்பார்கள், கடை வாசலில் ஒதுங்குவார்கள். அலவத்துகொடைக்கு மேலே கராம்பு காயப்போட்டிருக்கிறவர்கள் ஓடுவார்கள்.

பரிமளத்தின் வீட்டு வாசலை ஒட்டி ஒரு பாறை இருந்தது. தட்டையான பாறை, மரநிழல் விழாது. அந்தச் சரிவில் அப்படி வெயில் படுகிற இடம் வேறு கிடையாது. அதனால் மேல்வீட்டு ஆஸியா உம்மாவும், கீழே ரோட்டோரத்துச் சீலவதியும், பரிமளமும் அங்கேதான் பாய் விரித்துக் கராம்பு போடுவார்கள். மழையை முதலில் காண்கிறவள் சத்தம் போட வேண்டும். வீட்டில் இருக்கிறவர்கள் ஓடி வந்து, யாருடைய பாய் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பரிமளத்தின் வீட்டுக்குள் இழுத்துப் போட வேண்டும். அதுதான் கிட்ட இருந்த கூரை. சீலவதி சிங்களத்தி. ஆனால் மழை வந்தால் "மழே! மழே!" என்று தமிழில்தான் கத்துவாள். பரிமளமோ "வெஸ்ஸ எனவோ!" என்று சிங்களத்தில் கத்துவாள். ஆஸியா உம்மா "யா அல்லாஹ்!" என்பாள், அவ்வளவுதான். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்று என்று அந்தச் சரிவில் நாய்க்குக்கூடத் தெரியும்.

எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடிக் கலவரத்தில் பரிமளத்தின் கூரை எரிந்தது. எங்கிருந்தோ லொறியில் வந்தவர்கள் தமிழ் வீடு என்று எரித்துவிட்டுப் போனார்கள். பரிமளமும் புருஷன் அருணகிரியும் மகனும் மகளும் அன்று ஆஸியா உம்மாவின் வீட்டுப் பரணில், மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தார்கள். கராம்பு நெடி மகளின் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. பரிமளம் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிள்ளையின் வாயில் திணித்தாள். பிள்ளையின் கண் பிதுங்கியது. கீழே ஆஸியா உம்மாவின் புருஷன் மஹ்மூத் நானா வாசலில் நின்று, உள்ளே பெண்கள் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கொஞ்ச நாள் அகதி முகாமில் இருந்தார்கள். அங்கிருந்து திரும்பி வந்தபோது சீலவதி வந்தாள். ரோட்டில் கிடந்ததைப் பொறுக்கி வைத்தேன் என்று சோற்றுப் பானையையும், பாதி எரிந்த ஒரு பாயையும், மகனின் ஒற்றைச் சப்பாத்தையும் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

"பானையத் திருப்பிக் குடுத்துட்டா சரியாப் போச்சா?" என்றான் அருணகிரி. "எரிக்கிறப்ப இவ எங்க நின்னா? கேளு."

பரிமளம் கேட்கவில்லை. சீலவதியும் சொல்லவில்லை.

தகரம் போட்டுக் கூரையைச் சரிசெய்த கையோடு அருணகிரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனான். தேயிலைத் தோட்டத்துச் சனம் நிறையப் பேர் அங்கே காடு வெட்டிக் குடியேறியிருந்தார்கள். இந்தப் பறிப்பு முடியட்டும், வந்துவிடுகிறேன் என்று பரிமளம் சொன்னாள். அந்தப் பறிப்பு முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. ரெண்டு கராம்பு மரத்துக்காகப் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டவள் என்று அருணகிரி அங்கே சொல்கிறானாம். சொல்லட்டும். அவள் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டு ஒற்றைக் காம்பராவில் பிறந்தவள். எட்டு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள். கல்யாணம் ஆகும்வரை உள்ளே இருந்து பூட்டுகிற கதவு என்று ஒன்று அவளுக்கு இருந்ததில்லை. இங்கே அது இருந்தது. எரிந்தது, திரும்ப மாட்டியாயிற்று.

இந்த வருஷம் பங்குனி பிறந்ததும் மஹ்மூத் நானாவின் லொறி ஓட்டுகிற பஹ்மி அருணகிரியின் கடைசிச் சேதியைக் கொண்டு வந்தான். நரைத்த தாடி, நாலு பிள்ளைக்காரன். வவுனியா வரை மிளகு ஏற்றிப் போகிறவன்.

"சித்திரைக்கு முன்னுக்கு வரச் சொன்னாரு, பரிமளக்கா. இல்லாட்டி இனிச் சொல்லி அனுப்ப மாட்டாராம். நீங்க இல்லன்னு நெனச்சிக்கிடுவாராம்."

"நெனச்சிக்கட்டும்."

"மகளும் பெரிசாகிட்டா. தண்ணிக்கு ரொம்பத் தூரம் நடக்குது அந்தப் புள்ள."

பரிமளம் கராம்பைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அங்க எனக்கு யாரு இருக்கா? அந்த மனுசன் காலையில காட்டுக்குப் போனா இருட்டுனா வரும். இங்க நான் கத்துனா ஓடி வர ரெண்டு பேரு இருக்காங்க."

பஹ்மி சிரித்தான். "அது மழைக்கு, பரிமளக்கா."

அவன் போன பிறகும் அந்தச் சிரிப்பு வாசலிலேயே நின்றது. அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. சீலவதி இப்போதெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசுவாள், மழையைப் பற்றிப் பேசுவாள், கராம்பு விலை பற்றிப் பேசுவாள். வேறு பேச்சு நின்று போயிருந்தது. ஆஸியா உம்மாவுக்கு மூட்டு வலி, பாறைக்கு இறங்கி வருவதே அருமை. பரிமளம் சோற்றுக்கு அரிசி போடும்போது கை தானாக நாலு பேருக்கு அள்ளும். பாதியைத் திரும்பக் கொட்டுவாள். கொட்டாத நாளில் மிச்சத்தைக் காக்கைக்குப் போடுவாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் தனியாக இருப்பதற்கு ஒரு வசதி உண்டு. பேச ஆள் இருந்தாலும் கேட்காது.

சீலவதியின் ஒரே மகன் சுனந்த பட்டாளத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சின்ன வயதில் பரிமளத்தின் மகனோடு இந்தப் பாறையில் வழுக்கி விளையாடி முழங்காலை உடைத்துக்கொண்டவன். தை மாதம் லீவில் வந்தவன் சப்பாத்துக் காலோடு பாறைக்கு வந்து, அம்மாவின் பாயில் கராம்பைக் கிளறிவிட்டான். அத்தை முறை வைத்து, "நெந்தே, மாமா எங்கே?" என்று கேட்டான்.

"வவுனியாவுல."

"நானும் அந்தப் பக்கம்தான் போறேன்." கராம்பைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "கண்டா நீங்க தேடுனதாச் சொல்றேன்."

பட்டாளத்துக்காரன் கொண்டுபோகிற சேதியா அது என்று சொன்ன பிறகுதான் அவனுக்கே பட்டது. முகம் சிவந்து சிரித்தான். பரிமளமும் சிரித்தாள். அவளுடைய புருஷன் போனதும் அந்த மாத்தளை ரோட்டில்தான். சுனந்த போனதும் அதே ரோட்டில்தான்.

பஹ்மி வந்துபோன சில நாளில், அன்றைக்கும் காலையில் நல்ல வெயில். ஆஸியா உம்மா வீட்டில் பறிப்பு முடிந்துவிட்டது. பாறையில் பரிமளத்தின் பாய் ஒன்று, சீலவதியின் பாய் இரண்டு. சீலவதியின் கராம்பு இரண்டாம் நாள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பச்சை போய்ச் சிவந்திருந்தது. அந்த நிலையில் ஈரம் பட்டுக் குவிந்து கிடந்தால் புழுங்கி வெளிறிவிடும். பிறகு அதை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு வருஷத்து விளைச்சல் வீண்.

பதினொரு மணி போல ரோட்டில் பட்டாளத்து ஜீப் வந்து நின்றது. பரிமளம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கினவன் தொப்பியைக் கழற்றினான். அதைக் கண்டதும் சுனந்த இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சீலவதியின் சத்தம் கேட்டது. மழைக்குக் கத்துகிற அதே தொண்டை. ஆனால் வார்த்தை எதுவும் இல்லை.

பரிமளம் இறங்கி ஓட நாலு எட்டு வைத்தாள். ஆஸியா உம்மா மேலே இருந்து கோலை ஊன்றி வந்து குறுக்கே நின்றாள்.

"எங்க போறீங்கொ? ஊட்டுக்குள்ள போங்கொ. கதவச் சாத்திக்கிட்டு ஈங்கொ."

"அந்தப் புள்ள என் மடியில வளந்தது, உம்மா."

"வளந்தா? மௌத்தானது வடக்குல, தமிழாக்கள்ட சண்டையில. சிங்களப் பொடியன்மார் கீழ சேர்றாங்க. ஒங்கட மூஞ்சியக் கண்டா என்னத்தச் செல்லுவாங்க? நான் போய் சீலவதிக்கிட்ட குந்திட்டு வாறன். நீங்க வெளிய எறங்க வாணம்."

பரிமளம் தன் பாயைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். செத்த வீட்டுக்குப் பக்கத்து வீடு. பாய் எடுத்துப் போட, தேங்காய் துருவ, அழுகிறவளைப் பிடித்துக்கொள்ளப் போக வேண்டியவள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தபடி நின்றாள். ரோட்டில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். கடுகண்ணாவையிலிருந்து சீலவதியின் தம்பி வான் வண்டியில் வந்து இறங்கினான், கூட இன்னும் சில ஆட்கள். பந்தலுக்குக் கம்பு வந்தது. ஆஸியா உம்மாவின் வெள்ளை முக்காடு கூட்டத்துக்குள் போய் மறைந்தது. பாறையில் சீலவதியின் இரண்டு பாய்களும் கிடந்தன. யாருக்கும் அவை நினைவில் இல்லை. எப்படி இருக்கும்?

சோறு பொங்கவில்லை. பசியும் இல்லை. இடுக்கு வழியாக வந்த வெயில் அவள் கால் மேல் விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பிறகு சட்டென்று இல்லாமல் போனது.

எட்டிப் பார்த்தாள். ஹுன்னஸ்கிரியைக் காணவில்லை. அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பு. காற்று திரும்பி, பாய் ஓரம் படபடத்தது. சத்தம் போட வாயெடுத்தாள். கையால் பொத்திக்கொண்டாள்.

முதல் துளி தகரத்தில் விழுந்தபோது அவள் கதவைத் திறந்துவிட்டாள். யோசித்துத் திறந்ததாகச் சொல்ல முடியாது. மழை வந்தால் திறக்கிற கதவு அது. குனிந்து ஓடி ஒரு பாயின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். மூன்று பேர் இழுக்கிற கனம். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. இரண்டாவது பாயை இழுக்கிறபோது மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கீழே பந்தல்காரர்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

கராம்பில் பாதி நனைந்திருந்தது. தரையில் சாக்கு விரித்துப் பரப்பினாள். அள்ளிப் பார்த்தாள், ஈரம் சொட்டியது. இந்த மழை மாலை வரை விடாது. நாளைக்கு யார் வந்து இதை வெயிலில் போடப் போகிறார்கள்? நனைந்த கராம்புக்கு அந்தச் சரிவில் எல்லாரும் செய்கிறதை அவளும் செய்தாள். அடுப்பை மூட்டினாள். அடுப்புக்கு மேலே தொங்கிய மூங்கில் தட்டில் கராம்பைப் பரப்பி, இளஞ்சூடு படும்படி விறகைத் தள்ளி வைத்தாள். மிச்சத்தை அடுப்பைச் சுற்றிப் பரப்பினாள். கையால் கிளறிக்கொண்டே இருந்தாள். சீலவதிக்குச் செய்ய இன்றைக்கு அவளால் முடிந்தது இது ஒன்றுதான். செய்யச் செய்ய மனசு கொஞ்சம் அடங்கியது.

சூடு ஏற ஏறக் கராம்பு மணக்கத் தொடங்கியது. அந்த வீட்டில் அந்த மணம் எப்போதும் இருப்பது, அவள் மூக்குக்கு அது படவே இல்லை. மழை விட்டுத் தூறலானது. புகை கூரை ஓட்டை வழியாக வெளியே போய், கனத்த காற்றில் மேலே ஏற முடியாமல் சரிவில் இறங்கியது. கீழே அடுப்பு மூட்டாத வீட்டில், பிணப்பெட்டி வருவதற்காகப் பட்டினியோடு காத்திருந்தவர்களுக்கு அது எப்படி மணந்தது என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. கராம்பு போட்டு நெய்ச்சோறு ஆக்குகிற வீட்டு மணம். கல்யாண வீட்டு மணம்.

கதவை உதைத்த சத்தத்தில்தான் திரும்பினாள். சீலவதியின் தம்பி முன்னால் நின்றான். பின்னால் இரண்டு பேர். மூன்று பேருக்கும் தலை நனைந்திருந்தது.

"என்ன விருந்து?" என்றான் சிங்களத்தில். "யாருக்குடி சமைக்கிற?"

"விருந்து இல்லை மாத்தயா. சமைக்கல."

"மணக்குது. அங்க வரைக்கும் மணக்குது. எங்க பிள்ளையைக் கொன்னுட்டானுங்கன்னு நாங்க அழுதுக்கிட்டிருக்கோம், இங்க வாசமா?"

"கராம்பு," என்றாள். "அக்காவோட கராம்பு. மழை வந்துச்சு..."

பின்னால் நின்றவன் தரையைக் காட்டினான். "அக்காவோட பாயைத்தான் அள்ளிட்டு வந்து வெச்சிருக்கா. சாவு விழுந்த நேரம் பார்த்துக் களவு."

அவளுக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். முப்பது வருஷமாகப் பேசுகிறாள். அந்த நேரத்தில் மழை, பாய், அக்கா என்ற மூன்று சொல்லைத் தவிர எதுவும் வாயில் வரவில்லை. அந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். கடுகண்ணாவைக்காரனுக்கு அந்தப் பாறையும் தெரியாது, அதன் முறையும் தெரியாது. அவன் மூங்கில் தட்டைக் கையால் தட்டிவிட்டான். கராம்பு நெருப்பில் கொட்டி வெடித்தது. வீடு முழுக்க மணம் எழும்பியது. இன்னொருவன் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவி எடுத்துக் கூரையைப் பார்த்தான். தகரம். சுற்றிப் பார்த்தான்.

"அதை வை," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

சீலவதி நின்றாள். தலைமுடி அவிழ்ந்து தோளில் ஒட்டிக் கிடந்தது. காலில் சேறு. ஒரு பக்கம் ஆஸியா உம்மா பிடித்திருந்தாள், அவளுக்கே மூச்சு வாங்கியது. ஆட்கள் மேலே ஏறுவதைக் கண்டு, முழங்கால் வலியோடு உள்ளே போய்ச் சீலவதியை எழுப்பி இழுத்து வந்திருக்கிறாள்.

"மல்லி," என்று தம்பியைக் கூப்பிட்டாள். "அதை வைக்கச் சொல்லு. கராம்பை நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்."

"நீயா? எப்போ சொன்ன?"

"சொன்னேன்."

"நெருப்பு?"

"அதையும் நான்தான் சொன்னேன். வெளியே போ. என் பிள்ளை வர்ற நேரத்தில் இன்னொரு பாவம் வேணாம்."

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். நம்பவில்லை. ஆனால் கொள்ளியை வாங்கி அடுப்பில் எறிந்துவிட்டு மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போனான். போகும்போது தரையில் துப்பினான்.

சீலவதி அப்படியே கராம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை தானாக ஒன்றை எடுத்து விரலிடையில் முறித்துப் பார்த்தது. முறியவில்லை, வளைந்தது.

"ஈரம்," என்றாள்.

"ரெண்டு வெயில் வேணும், அக்கே."

சீலவதி தலையாட்டினாள். கையில் இருந்ததைச் சாக்கில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "பெட்டியைத் திறக்கக் கூடாதாம். முகம் காட்ட மாட்டாங்களாம்."

பரிமளம் அவள் கையைப் பிடிக்கப் போனாள். தன் கை முழுக்கக் கரி. சேலையில் துடைத்தாள், போகவில்லை. அதற்குள் சீலவதி எழுந்துவிட்டாள்.

"பரிமளா, நீ போயிரு. புருஷன்கிட்டப் போ. இன்னிக்கு எழும்பி வர முடிஞ்சுது, வந்தேன். பிள்ளையைப் புதைச்ச பிறகு எழும்ப முடியுமோ தெரியல." வாசலில் நின்றாள், திரும்பவில்லை. "எழும்ப மனசு வருமோ, அதுவும் தெரியல."

ஆஸியா உம்மா அவளைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போனாள். சேற்றில் இருவரும் பக்கவாட்டாகக் கால் வைத்து வைத்து இறங்கினார்கள். பஹ்மி சொன்னது பொய். மழை இல்லாமலும் ஓடி வந்திருக்கிறார்கள். பரிமளம் அதை நினைத்து ஆறுதல் தேடப் பார்த்தாள். கிடைக்கவில்லை. வந்தவளே போ என்று சொன்ன பிறகு எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது?

மறுநாள் காலையில் பரிமளம் சீலவதியின் கராம்பைச் சாக்கில் கட்டிப் பின்வழியாக ஆஸியா உம்மாவிடம் கொண்டு போய்ப் போட்டாள்.

"வெயில் வந்தா இங்க வாசல்ல பரப்பி விடுங்க உம்மா. பாறைக்குக் கொண்டு போக வேணாம். என்னோட மரம் ரெண்டையும் நீங்களே பறிச்சிக்கங்க."

"பறிக்க எனக்குக் காலு ஈக்கா?" என்றாள் ஆஸியா உம்மா. முக்காட்டால் மூக்கைத் துடைத்தாள். "போறன்னு செல்லாதீங்கொ. வாறன்னு செல்லுங்கொ."

"வாறேன் உம்மா."

பஹ்மியின் லொறியில் மிளகு மூட்டை ஏற்றியாகிவிட்டது. பரிமளம் ஒரு துணிப்பொட்டலத்தோடு முன்சீட்டில் ஏறினாள். வீட்டைப் பூட்டிய சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி. தூரத்திலேயே பந்தல் தெரிந்தது. ராணுவத்தார் இரண்டு பேர் நின்றார்கள். வாசலில் உட்காரக் கதிரைகள், ஆட்கள். சீலவதியின் தம்பி ரோட்டில் நின்று வாகனங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

"குனிஞ்சுக்கங்க, பரிமளக்கா," என்றான் பஹ்மி. "நல்லாக் கீழ."

அவள் சீட்டிலிருந்து இறங்கி, கால் வைக்கிற இடத்தில் குறுகி உட்கார்ந்தாள். பொட்டலத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டாள். லொறி மெதுவானது. பிக்குமார் ஓதுகிற பிரித் சத்தம் கிட்ட வந்தது. யாரோ பஹ்மியிடம் ஏதோ கேட்டார்கள், அவன் மாத்தளைக்கு என்றான். ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது, சீலவதியா வேறு யாருமா என்று தெரியவில்லை. கியர் மாறியது. சத்தம் பின்னால் போனது.

ஒரு வளைவு, இன்னொரு வளைவு.

"இனி எழும்புங்க."

எழும்பி உட்கார்ந்தாள். முழங்கால் மரத்திருந்தது.

"சீலவதி அக்கே முன்னுக்கு இருந்தாங்களா?"

"இருந்தாங்க, கதிரையில."

"லொறியப் பாத்தாங்களா?"

பஹ்மி லொறியின் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தான்.

"நான் ரோட்டத்தான் பாத்தேன், பரிமளக்கா," என்றான்.

எதிரே வந்த பட்டாளத்து லொறிக்கு வழிவிட அவன் ஓரம் கட்டினான். அது போகும் வரைக்கும் அவள் மறுபடியும் குனிந்துகொண்டாள்.